வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை

சுங்கை பட்டாணி
8.10.2023

தங்கை இராக்கம்மாவுக்கு அண்ணன் நல்லப்பன் எழுதுவது. உடம்புக்குக் குறைவில்லை. உன் முழங்கால் வலி மட்டுப்பட்டதா? உன்னோடு இருக்கும் பெரிய மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நலம்தானே?

என் வேலையைப் பறித்துவிட்டார்கள். பறித்தவர்களில் ஒருவர்கூட அதை என்னிடம் சொல்லவில்லை. இதுதான் எனக்கு நடந்த அநியாயம்.

போன வாரம் என் பிறந்தநாள் வந்தது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஆட்களைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு டிப்போவில் பஸ்ஸை நிறுத்தும்போது, போக்குவரத்துப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார அம்மாள் புவான் நோராய்னி வந்தார். "அங்கிள், மேல வாங்க, கொஞ்சம் சாப்பாடு இருக்கு" என்றார். மேலே போனால் நெய்ச்சோறு, சிவக்கச் சமைத்த கோழி, நடுவில் ஒரு கேக். மற்ற டிரைவர்கள், ஆபீஸ் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆள் எடுக்கும் பகுதியிலிருந்து உன் இளைய மகன் யுகேன்கூட பாத்திக் சட்டையோடு ஓரமாக நின்றான். "அங்கிள் இல்லன்னா இந்த பஸ்ஸே ஓடாது" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பிறந்தநாளுக்கு இவ்வளவா என்று எனக்கே கூச்சம். நானும் எழுந்து, "அடுத்த வருசம் கறி என் செலவு, நானே ஆக்கிக் கொண்டாறேன்" என்றேன். எல்லாரும் நோராய்னியைப் பார்த்தார்கள், நோராய்னி யுகேனைப் பார்த்தார். பிறகு எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். நோராய்னி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிஸ்கட்டும் ஓட்ஸும் அடுக்கிய பெரிய பரிசுக் கூடை ஒன்றும் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை விடியலில் போனேன். என் இருக்கையில் அஸ்மான் உட்கார்ந்திருந்தான். முன்பு லாரி ஓட்டியவன், நாற்பதைத் தாண்டியவன். குதித்து இறங்கி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாப்டீங்களா, அங்கிள்?"

"என் சீட்ல உனக்கு என்ன வேலை?"

"சும்மாதான் அங்கிள். நீங்க ரெஸ்ட் எடுங்க."

எடுத்துக்கொண்டு போய்விட்டான், என் பஸ்ஸை, என் ஆட்களோடு. டிப்போவிலேயே ஏறும் சில பெண்கள் உள்ளேயிருந்து எனக்குக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். மத்தியானம் டிரைவர்களின் வாட்சாப் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டுமானால் கடிதம்தான்.

இது நீக்கமா, விடுப்பா, தண்டனையா? யுகேனிடம் கேட்டால் "பாத்துக்கலாம் மாமா" என்கிறான். வாலிபத்தில் என்னை இரண்டு இடத்தில் வேலையை விட்டுத் துரத்தினார்கள். ஒன்று தோட்டத்தில், ஒன்று மரப்பட்டறையில். இரண்டு இடத்திலும் கெட்ட வார்த்தை சொல்லித்தான் துரத்தினார்கள். அன்று மத்தியானத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது. இப்போது இத்தனை மரியாதை செய்கிறார்கள், ஒன்றுமே விளங்கவில்லை.

இங்கே புகைமூட்டம் கடுமை. தெருவிளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது.

நீயாவது நேராகப் பேசுவாய் என்று எதிர்பார்க்கும்
நல்லப்பன்


குளுவாங்
29.10.2023

மதிப்புக்குரிய அண்ணனுக்கு, உங்கள் தங்கை இராக்கம்மா. இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் மழை வந்தால் மட்டும் வலிக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா?

கடிதம் பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அண்ணே, எவ்வளவு காலம்தான் விடிவதற்கு முன் எழுந்து ஓடுவீர்கள்? அண்ணியும் இல்லை. இங்கே வந்துவிடுங்கள். பகலில் வீட்டில் நான் ஒருத்திதான். முன் அறை சும்மாதான் கிடக்கிறது.

யுகேனைத் திட்டாதீர்கள். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் மனைவி சொன்னாள்.

புகைமூட்டம் இங்கே ஒரு வாரத்தில் போய்விட்டது. எதற்கும் ஒருமுறை கண்ணை டாக்டரிடம் காட்டினால் என்ன? தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்
இராக்கு


சுங்கை பட்டாணி
18.11.2023

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. முறுக்கு வந்தது, பாதி நொறுங்கியிருந்தது, ருசியில் குறைவில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. அதைப் பிறகு பார்ப்போம். தீபாவளி அன்று நடந்ததைக் கேள்.

நான் யாரையும் அழைக்கவில்லை. ஆனால் மத்தியானம் கதவைத் திறந்தால் டிப்போவே என் வீட்டு வாசலில் நிற்கிறது. நோராய்னி, அஸ்மான், என்னைப்போல் பஸ் ஓட்டும் சீனன் தியோ, ஆபீஸ் பெண்கள், பஸ்ஸில் வரும் இந்தோனேசியப் பெண் சுத்தினா, நேப்பாளத்து ஆள் ஒருவன். வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் கறி வாங்கி, கடையில் தோசை வாங்கிப் போட்டேன். எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தியோ முன்பக்கப் பல் தெரியச் சிரித்து, "அங்கிள், ஆளு இளைச்சிட்டீங்க லா, யார் மேல லவ்வு?" என்றான். வீடே சிரித்தது.

"லவ்வு பஸ் மேலதான். எப்ப தரப்போறீங்க?" என்று நோராய்னியைப் பார்த்துக் கேட்டேன்.

அந்த அம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "கறி ரொம்ப நல்லாருக்கு அங்கிள், மசாலா எங்க வாங்கினீங்க?" என்றார்.

"புவான், நான் வேலையில இருக்கேனா இல்லையா?"

"அதெல்லாம் பிரச்சினை இல்ல அங்கிள். அப்புறம் பேசலாம். உடம்பப் பாத்துக்குங்க."

போகும்போது ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சுத்தினா வாசலில் நின்று அழுதாள். "என்னம்மா?" என்று கேட்டால், காரம் என்றாள். அவள் கறியைத் தொடவே இல்லை, வெறும் தோசையில் ஏது காரம்?

என்னைப் பிடிக்காதென்றால் என் வீட்டுக்கு ஏன் வருகிறார்கள்? பிடிக்குமென்றால் பஸ்ஸை ஏன் கொடுக்கவில்லை? இன்னொன்று: பஸ்ஸின் மாற்றுச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நீக்கப்பட்டவனிடம் சாவியை விட்டுவைப்பார்களா? எனவே நான் நீக்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுது. முழங்காலில் எண்ணெய் தேய்.

நல்லப்பன்


குளுவாங்
5.12.2023

அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். இங்கே தினமும் மழை. ஆற்றோரம் வீடுள்ளவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் தண்ணீர் வரவில்லை. சின்னப் பேரன் சைக்கிளில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். மருமகள் ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். அவளுக்கும் தினமும் பயம். காலம் அப்படி இருக்கிறது.

எப்போது இங்கே வருகிறீர்கள்? முன் அறைக்குப் புது மின்விசிறி மாட்டியிருக்கிறோம்.

இராக்கு


சுங்கை பட்டாணி
20.12.2023

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. மழையில் நனையாதே. சின்னவன் கைக்கு மஞ்சள் போடு.

நீ எழுதியது ஒரு பக்கம். என் கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. உனக்கும் இந்த நோய் தொற்றிவிட்டது என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறு யுகேன் வந்தான். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா, வேலை ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம். ரெண்டும் சமமா இருக்கணும்."

"சரி. இன்னொரு பக்கத்துல எனக்கு என்ன இருக்குன்னு சொல்லு, அங்க போய் உக்காந்துக்கறேன்."

போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டேய், ஆள எடுக்கறதும் அனுப்பறதும்தான உன் வேலை? என்னை அனுப்பியாச்சா?"

"நீங்க எங்க மூத்தவரு மாமா. உங்களப் போயி அப்படிச் சொல்ல முடியுமா?"

இதற்கு என்ன அர்த்தம்? மூத்தவன் என்பதால் அனுப்பவில்லையா, மூத்தவன் என்பதால் சொல்லவில்லையா? யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. அவர்கள் ஆபீஸ் சுவரில் "மனம் திறந்து பேசுவோம்" என்று மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே நின்றுதான் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாமல் பழைய பத்திரிகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். எழுதியிருப்பதுதான் அர்த்தம் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கண்ணைக் காட்டச் சொல்லியிருந்தாய். லைசென்சுக்கு வருசா வருசம் கிளினிக் டாக்டர் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். என்னை வெகுகாலமாகத் தெரிந்தவர். "எப்படி இருக்கீங்க அங்கிள், நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிடுவார். கண்ணில் ஒன்றும் இல்லை. இங்கே புகைமூட்டம்தான் இன்னும் விடவில்லை.

நல்லப்பன்


குளுவாங்
28.1.2024

அண்ணனுக்கு, தாமதத்துக்கு மன்னியுங்கள். தைப்பூசத்துக்குக் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். மாத்திரை தீர்ந்திருந்தால் எழுதுங்கள்.

இதற்கு முன் ஒரு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

உங்கள் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். இந்தத் தடவை வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. அண்ணே, மழைக்காலத்தில் புகைமூட்டம் இருக்காது. யுகேனிடமும் கேட்டேன். அங்கே வானம் தெளிவாக இருக்கிறதாம்.

ஒன்று மட்டும் கேளுங்கள். அந்தச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்காகக் கொடுத்துவிடுங்கள்.

இராக்கு


சுங்கை பட்டாணி
14.2.2024

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நான் மிக நலம். நீயும் நலமாக இரு.

ஏன் என்று கேட்காதே என்று என்னிடம் சொல்லக் கூடாது. சாவியைக் கொடுக்கவில்லை. சாவியால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்த அன்று, எல்லாருக்கும் முன்னால் டிப்போவுக்குப் போனேன். என் பஸ்ஸைத் திறந்து, என் இருக்கையில் உட்கார்ந்து, எஞ்சினைச் சூடாக்கினேன். அஸ்மான் ஓடி வந்தான். இறங்கு என்று சொல்வான் என்று காத்திருந்தேன். சொன்னால் அன்றோடு எனக்கு விளங்கிவிடும்.

"அங்கிள்... காலைலயே வந்துட்டீங்க?" என்றான்.

"ஆமா. ஓட்டப் போறேன்."

தலையைச் சொறிந்தான். நோராய்னிக்குப் போன் போட்டுத் தூரமாகப் போய் நின்று பேசினான். திரும்பி வந்து, "புவான் இன்னும் வரல. நானும் கூட வரேன் அங்கிள், எனக்கும் வழி பழகும்" என்று என் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். இத்தனை மாதம் ஓட்டியவனுக்கு வழி பழகவில்லையாம்!

நிறுத்தம் நிறுத்தமாகப் பெண்கள் ஏறினார்கள். என்னைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியும் ஒரு கணம் படியில் நின்று அஸ்மானைப் பார்த்தாள். பிறகு எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். ஒருத்திகூட ஏற மாட்டேன் என்று சொல்லவில்லை. என் ஆட்கள் என்னை மறக்கவில்லை.

தொழிற்சாலை இருக்கும் குளிம் வரைக்கும் அஸ்மானுக்கு வாய் ஓயவில்லை. "அங்கிள், முன்னால சிவப்பு விளக்கு. அங்கிள், இடது பக்கம் மோட்டார் சைக்கிள். இன்னும் கொஞ்சம் வலது அங்கிள். அங்கிள், மெதுவா, மெதுவா, ஆடு!" என்று தள்ளுவண்டியில் விற்பவன் மாதிரி கத்திக்கொண்டே வந்தான். "உனக்கு வழி தெரியலன்னு சொன்னியே, எல்லாம் தெரியுதே!" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பஸ்ஸுக்குள் பேச்சே இல்லை. வழக்கமாக அந்தப் பெண்கள் காதைக் கிழித்துவிடுவார்கள். என் ஓட்டத்தைப் பார்த்து அசந்துபோயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். யாரோ மெல்லிய குரலில் ஓதிக்கொண்டு வந்தது மட்டும் கேட்டது.

தொழிற்சாலை வாசலில் நோராய்னி நின்றார். முகம் வெளுத்திருந்தது. "நல்லா வந்து சேந்தீங்களா அங்கிள்? தே தாரேக் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். டீயைக் குடித்தேன். அப்போதும் சாவியைக் கேட்கவில்லை.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்ததா இல்லையா? உனக்கு எப்படித் தோன்றுகிறது?

நல்லப்பன்


குளுவாங்
19.2.2024

அண்ணே,

நலம் கேட்க எனக்குக் கை வரவில்லை. இனி ஒளித்துவைக்க முடியாது. படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

போன ஆகஸ்டில் யுகேனின் கார் பட்டறையில் கிடந்தது. உங்கள் பஸ்ஸில்தான் வேலைக்கு வந்தான். சந்திப்பில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். நீங்கள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவன் "மாமா!" என்று அலறிய பிறகுதான் பிரேக் போட்டீர்கள். "கண்ணாடில ஒரே புகைடா" என்றீர்களாம். அப்போது கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. புகைமூட்டம் அந்த வட்டாரத்துக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

அன்று எனக்குப் போன் பண்ணி அழுதான்.

"நான் எழுதிக் குடுக்கணும்மா. அது என் வேலை."

"எழுதாதடா. கண்ணு தெரியலன்னு மட்டும் என் அண்ணன்கிட்ட சொல்லிடாத."

"அப்ப எப்படி அனுப்பறது?"

"மரியாதையா அனுப்பு. பிறந்தநாள் வருதில்ல, ஒரு விருந்து வை."

நான்தான் சொன்னேன். அப்பாவுக்குக் கண் போனபோது அவர் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டுக் கிடந்ததை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். கண் போனால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று அன்று நீங்கள் என்னிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதனால் பயந்துவிட்டேன்.

யுகேன் எழுதாமல், நோராய்னியிடம் வாயால் மட்டும் சொன்னான். அவர் உங்களிடம் விவரம் சொல்லியிருப்பார் என்று நினைத்தான். மருமகன் சொல்லியிருப்பான் என்று அந்த அம்மாள் நினைத்தார். நீங்கள் எழுந்து அடுத்த வருசம் கறி ஆக்கித் தருகிறேன் என்றபோதுதான், யாருமே சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததாம். அதற்குப் பிறகு அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தீபாவளிக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் எல்லாரும் வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

போன வாரம் நீங்கள் ஓட்டிய பஸ்ஸில் அந்தப் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் தலையில்தான் வந்திருக்கும். தயவுசெய்து இனி அந்த இருக்கையில் உட்காராதீர்கள்.

இராக்கு


குளுவாங்
20.3.2024

அண்ணே, ஒரு மாதமாகப் பதில் இல்லை. யுகேன் வந்தால் கதவைத் திறப்பதில்லையாமே. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

இராக்கு


சுங்கை பட்டாணி
2.4.2024

இராக்கு,

நலம் விசாரிக்கும் வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதைப் பக்கத்து வீட்டு அம்மாளின் மகள் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுவாரம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் டாக்டர் ஒரு சீனப் பெண். சிரிக்கவே இல்லை. இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "இந்தக் கண்ண வச்சுக்கிட்டு பஸ் ஓட்டினது பெரிய தப்பு அங்கிள். ஆள் செத்திருக்கும்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் மனம் ஆறியது. அக்டோபரிலிருந்து ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த பதில் அது.

இரண்டு கண்ணிலும் புரை. அறுத்து எடுக்கலாமாம். "திரும்ப ஓட்டலாமா?" என்று கேட்டேன். "இப்ப தெரியாது. ஆபரேசன் முடிஞ்சு பாத்துட்டு சொல்றேன். முடியாதுன்னா முடியாதுன்னுதான் சொல்லுவேன்" என்றாள். ஆகஸ்டிலேயே ஒருவன் வாயைத் திறந்திருந்தால் இந்நேரம் அறுத்து முடித்து, ஓட்டலாமா கூடாதா என்றும் தெரிந்திருக்கும்.

அங்கிருந்து நேராக டிப்போவுக்குப் போய்ச் சாவியை நோராய்னி மேசையில் வைத்தேன்.

"இது என்ன அங்கிள்?"

"நீங்க கேக்காம விட்டது, புவான்."

அழுதார். அழுது முடியும்வரை நின்றேன். தே தாரேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சொன்னது உனக்கு மறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அப்பாவைப் பார்த்த வருத்தத்தில், வாலிப வயதில் ஆயிரம் சொல்வேன். அதை நாற்பது வருசம் முடிச்சுப் போட்டு வைத்திருந்து என் பிழைப்பின் மேல் அவிழ்ப்பாயா? பயந்தேன் என்கிறாய். நம்புகிறேன். அவர்களுக்கும் என் மேல் பாசம்தான், அதையும் நம்புகிறேன். இதற்கு மேல்தான் எனக்கு விளங்கவில்லை. என் மனம் நோகக் கூடாது என்பதற்காக ஒரு பஸ் நிறையப் பெண்கள் சாகத் துணிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதை மரியாதை என்பதா, வேறென்ன என்பதா? படுத்தால் இதுவே ஓடுகிறது. உனக்கு விளங்கினால் எழுது.

விளங்குகிறவரைக்கும் நடக்க வேண்டியவை இவை.

யுகேன் ஆகஸ்டில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதி, தன் கையெழுத்தோடு ஆபீசில் கொடுக்க வேண்டும். அதனால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். கொடுத்துவிட்டு வந்தால் கதவு திறக்கும். சோறும் போடுவேன்.

நோராய்னி என்னை நீக்கிவிட்டதாகவும், கண் தெரியாததால் நீக்கியதாகவும் எழுதித் தர வேண்டும். அதில் நன்றி, வாழ்த்து எதுவும் இருக்கக் கூடாது.

அஸ்மானை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து நோராய்னி கண்டிக்க வேண்டும். அவன் அன்று என் கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியிருக்க வேண்டும். தன் பஸ்ஸை இனி எவனுக்கும் விடக் கூடாது. பெற்ற தகப்பன் வந்து கேட்டாலும் சரி.

அந்தக் கிளினிக் டாக்டருக்குப் பதிவுத் தபால் நானே அனுப்புகிறேன். அதை நீங்கள் யாரும் செய்ய வேண்டாம்.

சுத்தினாவும் மற்றப் பெண்களும் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. நான்தான் திங்கட்கிழமை அவர்கள் ஏறும் இடத்துக்கு நடந்து போய், ஒவ்வொருத்தியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பரவாயில்லை அங்கிள் என்று சொல்வார்கள். பரவாயில்லை என்று சொல்லாதவள் ஒருத்தி கிடைக்கிறவரை நிற்கப் போகிறேன்.

நீ, மே மாதம் ஆபரேசனுக்கு முந்தின நாள் வந்து சேர வேண்டும். வலது கண்ணை முதலில் அறுக்கிறார்கள். கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று நான் சொல்வேன். அப்போது நீ பேச்சை மாற்றக் கூடாது.